செல்லக்கனி வீட்டு முகடு

எங்கள் தெருவில் ஆண் துணை இல்லாத வீட்டுக்குக் கூரை வேய்ந்து கொடுத்தால், கடைசியாக முகட்டில் நார் சுற்றி முடிச்சுப் போடுகிறவன் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அண்ணன். யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. ஏன் ஏற்படுத்தினார்கள் என்பது தெரியும். கூரை பிரித்துக் கிடக்கும்போது முகட்டில் நிற்பவனுக்கு அடுப்பு, பாய், கொடியில் கிடக்கும் சேலை எல்லாம் தெரியும். அத்தனையும் பார்த்தவன் ஒன்று புருஷனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். நடுவில் ஒருவன் இருந்தால் ஊர் பேசும். அதனால் முடிச்சைப் போட்டவன் மேலே இருந்தபடியே, "ஏளா தங்கச்சி, தண்ணி கொண்டா" என்று சத்தம் கொடுப்பான். அவள் செம்பை நீட்டி, "இந்தாங்க அண்ணாச்சி" என்பாள். அவ்வளவுதான் சடங்கு. அன்றிலிருந்து அவள் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவன் நிற்பான். அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவள் நிற்பாள்.

என் வீட்டுக்காரருக்கு இப்படி நாலு தங்கச்சிகள். கூடப்பிறந்தது ஒன்றும் கிடையாது. அவர் பேர் தாணுலிங்கம். வாயால் நான் ஒருநாளும் சொன்னதில்லை. எழுத்துக்கு அந்தத் தடை இல்லை.

அவருக்குத் துறைமுகத்தில் தோணிகளுக்கு மூட்டை ஏற்றுகிற வேலை. சண்டைக் காலத்தில் கொழும்புத் தோணிகள் குறைந்து போய், வேலை இல்லாத நாட்கள் கூடின. சும்மா இருக்க அவரால் ஆகாது. சங்கு குளிக்கிற மனுவேலைச் சேர்த்துக்கொண்டு, தெருவில் முடியாதவர்கள் வீடுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஆரம்பித்தார். பத்துப் பன்னிரண்டு ஆட்கள் சேர்ந்தார்கள். கூலி கிடையாது. வீட்டுக்காரி கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தால் குடிப்பார்கள், இல்லாவிட்டால் பச்சைத் தண்ணீர். தெரு அவர்களுக்கு ஓலைப் பட்டாளம் என்று பேர் வைத்தது.

"ஜப்பான்காரன் வந்து இறங்கினா மட்டையாலயே அடிச்சு விரட்டிருவியளோ?" என்று கடைக்கார அண்ணாச்சி கேட்பார்.

"மொதல்ல உம்ம கடைக் கூரையைப் பாரும். ஜப்பான்காரன் மேல இருந்து பார்த்தா அரிசி மூட்டை அத்தனையும் தெரியும்" என்பார் மனுவேல்.

ஞாயிற்றுக்கிழமை மனுவேல் வீட்டார் கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் வேலை தொடங்கும். அவரவர் தங்கள் வீட்டிலிருந்து பனைநார் கிழித்து, ஊறவைத்துக் கொண்டுவர வேண்டும். ஓலையை யார் கொடுத்தாலும் வாங்குவார்கள். நார் மட்டும் கட்டுகிறவனுடையதாக இருக்க வேண்டும். ஒருவன் வர முடியாவிட்டால் அவன் பெண்டாட்டி நாரைக் கொண்டுவந்து கொடுப்பாள். "மனுவேலு கை வந்தாச்சு" என்று சொல்லி வாங்கிக்கொள்வார்கள். மனுவேல் கடலில் கிடந்த ஒரு ஞாயிறு அவர் நாரைக் கொண்டே ஒரு முகட்டைக் கட்டினார்கள். அவர் கரைக்கு வந்தபோது அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். அவர் மனைவி அற்புதமணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "இவுக கடலுக்குள்ள சங்கு எடுக்காவ. நான் கரையில இருந்துகிட்டே நாத்தனாரு எடுத்துட்டேன்."

அந்தக் கார்த்திகைப் புயலில் தெருவில் பாதிக் கூரை போனது. செல்லக்கனி வீட்டுக் கூரை மொத்தமாகக் கிளம்பிப் போய் உப்பளத்துத் தண்ணீரில் மிதந்தது. அவள் வீடு தெருவின் கடைசி. புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்து வருஷம் திரும்பவில்லை. மடியில் ஒரு பெண் குழந்தை. புயல் ஓய்ந்ததும் பட்டாளம் முதலில் அங்கேதான் போனது. யார் முதலில் போகச் சொன்னது என்று நான் விசாரித்தேன். யாரும் சொல்லவில்லையாம், தானாகவே போனார்களாம்.

நான் கீழே பெண்களோடு நின்று ஓலை எடுத்துக் கொடுத்தேன். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வண்டியில் வந்த ஓலை. அவர் வரிசை வரிசையாகக் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். முகட்டுக்குப் போய்விட்டார். கடைசி நாரைப் பல்லில் கடித்திருந்தார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம், தங்கச்சி என்று கூப்பிடும்போது ஏதாவது கேலி சொல்வார் என்று.

நாரை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று. அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு இரண்டு சுற்றையும் அவிழ்த்தார்.

"மனுவேலு, நீ மேல வா. எனக்குக் கை மரத்துப் போச்சு."

அவர் இறங்கினார், மனுவேல் ஏறினார். தன் நாரால் முடிச்சைப் போட்டுவிட்டு, "ஏளா தங்கச்சி, தண்ணி கொண்டா! உப்புத் தண்ணியா குடிச்சு நாக்கு கருவாடாப் போச்சு" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். செல்லக்கனி செம்பைக் கொண்டுவந்து நீட்டி, "இந்தாங்க அண்ணாச்சி" என்றாள்.

"பாவம், இருக்கிற நாலு தங்கச்சிக்குச் சீர் செய்யவே தாணுவுக்கு முதுகு ஒடியுது. அஞ்சாவதுக்கு எங்கன போவான்?" என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஊருக்கு அது போதுமாக இருந்தது.

நான் செல்லக்கனி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இறங்கியபோது அதில் ஒரு வருத்தம், ஒரு ஏமாற்றம் இருந்திருந்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். அவள் மூச்சு விட்டாள். மேலே போன குழந்தை பத்திரமாக இறங்கியதும் தாய் விடுவாளே, அந்த மூச்சு.

வீட்டில் சோறு போட்டேன்.

"கை மரத்துப் போச்சோ?"

"ஆமா."

"இப்ப எப்படி இருக்கு?"

"சரியாப் போச்சு."

"நல்ல கை. வேணும்போது மரக்குது, வேணும்போது சரியாவுது."

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "சீனி, கேக்கதை நேராக் கேளு."

நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

அன்றிலிருந்து நான் காவல்காரியானேன். பிடிபட்டது ஒன்றும் இல்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். அவர் அந்த வீட்டுப் பக்கம் தேவையில்லாமல் போனதில்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னிடம் வந்தாள், "அக்கா" என்று கூப்பிட்டாள், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து கேட்டாள், போனாள். ஒரு பார்வையைக்கூட நான் பிடித்ததில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் இல்லாத ஒன்றுதான். தெருவில் சின்னது பெரியது எல்லாம் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டது. செல்லக்கனி எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஒருநாள் வேண்டுமென்றே அவளை அனுப்பினேன். அவர் கிணற்றடியில் பேசிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் எங்க வீட்டு ஆளை வரச் சொல்லுளா" என்றேன். பின்னாலேயே போய் முருங்கை மறைவில் நின்றேன். அவள் கிணற்றடிக்குப் போனாள். குடத்தைச் சற்றுச் சத்தமாகக் கீழே வைத்தாள். அவர் திரும்பினார். "வீட்டுல தேடுதாவ" என்றாள். அவ்வளவுதான். அண்ணாச்சி என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவரும் தலையை ஆட்டிவிட்டு நடந்து வந்தார்.

அற்புதமணியிடம் சொன்னேன். அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏளா, ஒருத்தி பேசினா பொறாமைப்படலாம். பேசாததுக்குமா பொறாமைப்படுவ?"

"உன் வீட்டுக்காரரை எல்லாரும் அண்ணாச்சிங்காவ. ஒருத்தி மட்டும் சொல்லாம இருந்தா உனக்கு எப்படி இருக்கும்?"

"எனக்கா? கடன் வாங்கினவளா இருக்கும்னு நினைப்பேன்."

சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவளும் என்னிடம் செல்லக்கனி பேச்சை எடுப்பதில்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

எங்கள் வீட்டு அடுக்களை மூலையில் ஓர் ஒழுக்கு இருந்தது. ஊர் வீடெல்லாம் முடித்து எங்கள் வீட்டுக்கு வருவார் என்று சட்டியை வைத்துக் காத்திருந்தேன். ஒருநாள் வந்தார். நல்ல ஓலையாக எடுத்து, இரண்டடுக்குப் போட்டு, சொட்டு இறங்காமல் கட்டினார். நான் கீழே நின்று ஒவ்வோர் ஓலையாகப் பார்த்தேன். இது அவள் வீட்டுக்கு எடுத்ததில் மிஞ்சினதா, இல்லை எனக்கென்று எடுத்ததா? இரண்டும் ஒரே வண்டியில் வந்த ஓலைதான். அப்படியும் பார்த்தேன்.

அவர் இறங்கி வந்தபோது சொன்னேன். "அடுத்த மட்டம் செல்லக்கனி வீட்டு முகட்டை நீங்கதான் கட்டணும்."

"அதான் மனுவேலு கட்டிட்டானே."

"ஒரு வீட்டுக்கு ஒரு அண்ணன்தான்னு சட்டமா? நீங்களும் கட்டணும்."

அவர் கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே இருந்தார். தூசி எப்போதோ போய்விட்டது.

"சரி, கட்டுதேன்" என்றார்.

அடுத்த தை மாதம் மட்டை வாங்கி வந்து நார் கிழித்தார். வழக்கத்தைவிட மெல்லிசாக, நீளமாகக் கிழித்தார். எதற்கு என்று கேட்டேன். "ஆவணிக்கு. நீ சொன்ன வீட்டுக்கு" என்றார். அவள் பேரைச் சொல்லவில்லை. நாரைச் சுருட்டி அடுக்களைச் சுவரில் ஆணியில் மாட்டினார். தினமும் அடுப்பு மூட்டும்போது அதைப் பார்ப்பேன். ஆவணி வரட்டும் என்று இருப்பேன். ஒரு முடிச்சு விழுந்துவிட்டால் அவள் தங்கச்சி. அதற்குப் பிறகு அவள் என் வீட்டு அடுப்பிலேயே சமைத்தாலும் எனக்குப் பயமில்லை.

மாசியில் வாந்திபேதி வந்தது.

தெருவில் முதலில் விழுந்த வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. காலையில் அவருக்கு வந்தது, மதியத்துக்குள் எனக்கும் வந்துவிட்டது. பேதி கண்ட வீட்டுக்குள் யாரும் வரமாட்டார்கள். அதில் நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். நாலு தங்கச்சிகளும் வேலிக்கு வெளியே நின்று தண்ணீர் வைத்துவிட்டு அழுதுகொண்டே போனார்களாம். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன. செல்லக்கனி தன் குழந்தையை அற்புதமணியிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

எனக்கு நினைவு விட்டு விட்டு வந்தது. யாரோ என் வாயில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை ஊற்றினார்கள். யாரோ துணி மாற்றினார்கள். ஒருமுறை கண் திறந்தபோது அவள் எனக்கு முதுகு காட்டி, அவர் பாய் பக்கம் குனிந்திருந்தாள். எழுந்து அவளைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருந்தது. விரலைக்கூட அசைக்க முடியவில்லை. மறுபடி நினைவு வந்தபோது அவர் பாய் இருந்த இடத்தில் பாய் இல்லை. சாணம் மெழுகியிருந்தது.

நான் பிழைத்தது அவள் ஊற்றிய கஞ்சித் தண்ணீரால் என்று ஊர் சொன்னது. உண்மைதான். எழுந்து உட்கார முடிந்ததும் அவளிடம் முதலில் சொன்னது நன்றி அல்ல.

"கடைசியா என்ன சொன்னாவ?"

"தண்ணி கேட்டாவ."

"பொறவு?"

"குடிச்சாவ."

"பொறவு?"

அவள் கஞ்சிச் சட்டியைத் துணியால் பிடித்து இறக்கினாள். "உங்களைக் கேட்டாவ. அக்கா பிழைச்சிக்கிடுவாவன்னு சொன்னேன்."

அதை நம்பலாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்டிருப்பார். ஆனால் எனக்குக் கிடைக்க வேண்டிய அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்து, அவள் வாய் வழியாக எனக்கு வந்தது. அதில் எவ்வளவு எடுத்துக்கொண்டாளோ.

பதினாறாம் நாள் தெரு கூடியது. நாலு தங்கச்சிகளும் தலைவிரித்து வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். என் தோளைக் கட்டிக்கொண்டு, "எங்களைப் பெத்த அண்ணாச்சி" என்று அழுதார்கள். பெண்டாட்டிக்கு அடுத்தபடியாக அழுகிற இடம் கூடப்பிறந்தவளுக்குத்தான். மற்றப் பெண்கள் தள்ளி உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைக்கலாம், பாட்டு எடுக்கக் கூடாது. செல்லக்கனி கொல்லையில் அண்டா கழுவினாள், இலை எடுத்தாள், எல்லோரும் போனபிறகு வாசல் பெருக்கினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதாக யாரும் பார்க்கவில்லை. அன்று எனக்கு இருந்த துக்கத்துக்குள்ளும் அது ஒரு ஆறுதலாக இருந்தது. அவள் அழ முடியாது. அழ அவளுக்கு முறை இல்லை.

ஆவணி வந்தது. ஆள் குறைந்திருந்தாலும் பட்டாளம் கலையவில்லை. இப்போது மனுவேல்தான் முன்னால் நின்றார். புயலுக்குப் பிறகு அவசரத்தில் வேய்ந்த கூரைகளையெல்லாம் பிரித்து வேய்ந்தார்கள். ஒரு ஞாயிறு செல்லக்கனி வீட்டுக்கு முறை.

முந்தின நாள் நான் ஆணியிலிருந்து நாரை எடுத்தேன். புகை ஏறிக் கறுத்திருந்தது. தண்ணீரில் போட்டேன். காலையில் பார்த்தபோது வளைந்து கொடுத்தது.

அவள் வீட்டில் வேலை முகட்டுக்கு வந்ததும் மனுவேல் தன் நாரை எடுத்தார். நான் ஏணியடியில் போய் நின்றேன்.

"மனுவேலண்ணே, இதைப் போடுங்க. இது அவுக கை."

கூரையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஓலை எடுத்துக் கொடுத்த பெண்கள் நின்றுவிட்டார்கள்.

"என்ன தாயி சொல்லுத?" என்றார் மனுவேல்.

"அவுக கிழிச்ச நாரு. இந்த வீட்டு முகட்டுக்குன்னு சொல்லிக் கிழிச்சாவ. கட்டுதேன்னு என்கிட்ட வாக்குக் கொடுத்தாவ."

"வராதவன் கைதான் வரும். செத்தவன் கை எப்படித் தாயி வரும்?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"நாரு கிழிக்கும்போது உசுரோடதான இருந்தாவ."

கடைக்கார அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவர் மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள். அற்புதமணி என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "சீனி, விட்டுரு. ஆளே போயாச்சு" என்றாள். நான் நாரை நீட்டியபடியே நின்றேன்.

மனுவேல் மேலே இருந்து செல்லக்கனியைப் பார்த்தார். "ஏளா தங்கச்சி, உன் வீடு. நீ சொல்லு."

அவள் செம்போடு நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் எதற்கு இதைச் செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் ஊர் நடுவில் உண்மை வெளியே வந்திருக்கும்.

"கட்டுங்க அண்ணாச்சி" என்றாள்.

மனுவேல் நாரை வாங்கி முகட்டில் சுற்றினார். தன் நார் ஒன்று, என் வீட்டுக்காரர் நார் ஒன்று. முடிச்சு விழுந்தது. தங்கச்சி என்று கூப்பிட ஆள் இல்லாததால் ஒருவரும் கூப்பிடவில்லை. செல்லக்கனி செம்பை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"இந்தாங்க மதினி" என்றாள்.

அதுவரை அக்கா என்றவள். அண்ணன் பெண்டாட்டிதான் மதினி. தண்ணீரை வாங்கிக் குடித்தேன். அந்தத் தண்ணீர் இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவர் போய் ஆறு மாதம் கழித்தாவது முடிச்சு விழுந்துவிட்டது. இனி அவர் அவளுக்கு அண்ணன், செத்தும் அண்ணன், வேறு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அப்படியே மாசி வரை போனது.

முதல் வருஷத் திவசத்துக்கு நாலு தங்கச்சிகளும் வருவதற்கு முன்னால் செல்லக்கனி வந்துவிட்டாள். கூடப்பிறந்தவள் கொண்டுவர வேண்டிய அரிசி, தேங்காய், வெற்றிலை எல்லாம் பெட்டியில் இருந்தது. கொல்லைக்குப் போகவில்லை. நடுவீட்டில், அவர் பாய் கிடந்த இடத்தில், எனக்கு அடுத்து உட்கார்ந்தாள். யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. உரிமை இருக்கிறது. தெருவைக் கூட்டி வைத்து, என் கையால் நான் கொடுத்த உரிமை.

தலையை அவிழ்த்தாள். அழ ஆரம்பித்தாள்.

அந்த மாதிரி அழுகையை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. ஒரு வருஷம் தேக்கி வைத்தது. இல்லை, அதற்கும் முன்னால் இருந்தே. குரல் முதலில் சிக்கியது, பிறகு வழி பிடித்துக்கொண்டது.

"கூரை பிரிஞ்ச வீட்டுக்குக் குறி பார்த்து வந்தியளே,
சுத்தின நாரை அவுத்தியளே, சொல்லாமப் போனியளே,
கேட்ட தண்ணி கொடுத்தேனே, கேக்காததைக் கொடுக்கலையே…"

பெண்கள் எல்லோரும் அழுதார்கள். வேலிக்கு வெளியே நின்ற ஆண்கள் துண்டால் முகத்தை மூடினார்கள். மனுவேல் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார். "கூடப்பிறந்தவகூட இப்படி அழமாட்டா. தாணு கொடுத்து வச்சவன்" என்று பின்னால் யாரோ மெச்சினார்கள்.

மற்ற நாலு பேரும் அடிக்கு ஒரு தடவை அண்ணாச்சி என்று சொல்லி அழுதவர்கள். நான் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு வளர்ந்துகொண்டே போனது. தோணி வந்தது, துறைமுகம் வந்தது, புயல் வந்தது, கஞ்சித் தண்ணீர் வந்தது. அந்த ஒரு வார்த்தை வரவில்லை. இந்த அடியில் வரும், அடுத்த அடியில் வரும் என்று காத்திருந்தேன். என் கண் காய்ந்து கிடந்தது.

அற்புதமணி பின்னாலிருந்து என் முதுகைத் தொட்டாள். "நீயும் அழு சீனி. எல்லாரும் பாக்காவ."

"இரு" என்றேன். "அவ முடிக்கட்டும்."